ஒன்பதாவது வால்யூம்

“ஒன்பதாவது வால்யூம் யாரோடது மேடம்?”

சர்வர் அறைக் கதவைத் திறந்த கையோடு கேட்டார் வரைபடப் பிரிவின் தலைவர். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சர்வரைப் பராமரிக்கும் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். அலுவலகத்தில் அவருக்குப் ‘பூட்டு மேடம்’ என்று பெயர். கைப்பிடி இடம் கேட்டாலும் காரணத்தை எழுதித் தரச் சொல்வார்.

“எல்லாருக்கும் பொதுவானது சார்.”

“பொதுவானதுன்னா ஏன் எங்களுக்குத் திறக்க மாட்டேங்குது? எட்டுப் பிரிவும் கோப்புகளைச் சேமிக்க எட்டு வால்யூம், சரி. ஒன்பதாவது மட்டும் சர்வர்ல பாதியை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எங்களுதுல ஒரு கோடு போட்டுச் சேமிக்க இடமில்ல. அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக் கட்டட வரைபடம் போகலேன்னா வேலையே கைவிட்டுப் போயிடும்.”

“உங்க வால்யூம்ல ‘இறுதி’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. ‘இதுவே இறுதி’ன்னு ஒண்ணு. ‘சத்தியமா இறுதி’ன்னு இன்னொண்ணு. மூணுலயும் ஒரே வரைபடந்தான் சார். ரெண்டை எடுத்தாலே போதும்.”

“எங்க வீட்டைக் கூட்டிப் பெருக்க எங்களுக்குத் தெரியும். நீங்க உள்ள என்ன பதுக்கி வச்சிருக்கீங்க? அக்கா பொண்ணு கல்யாண வீடியோவா?”

பூட்டு மேடம் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை.

தலைவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். ஒன்பதாவது வால்யூமை நீக்கி, அந்த இடத்தை வரைபடப் பிரிவுக்குக் கொடுக்கலாம் என்று பொது மேலாளர் கையெழுத்திட்டிருந்தார்.

மேடம் அதை இருமுறை படித்தார். கணினியில் ஏதோ தட்டினார். ‘இந்த வால்யூமை நிரந்தரமாக நீக்கவா? ஆம் / இல்லை’ என்று திரையின் ஓரத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது.

“அழிக்கிறவங்க, உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் அழிக்கணும் சார். உக்காருங்க.”

எழுந்து தம் நாற்காலியைக் கொடுத்தார். வால்யூமையும் திறந்து காட்டினார்.

உள்ளே வெறும் தேதிகள். தலைவர் உருட்டினார், உருட்ட உருட்ட முடியவில்லை. பதினோரு ஆண்டுகள், ஒரு வேலை நாள்கூட விடுபடவில்லை.

“யாரு என்ன மாத்தினாலும், அன்னன்னைக்குச் சாயங்காலம் அதுல ஒரு நகல் இங்க வந்துடும்.”

தலைவர் ஒரு தேதியைத் திறந்தார். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அவர் வரைந்த முதல் மாடிப்படி, கோணலோடு அப்படியே இருந்தது. அவருக்கே மறந்துபோனது அது.

தேதிகளுக்கெல்லாம் மேலே ‘மீட்டவை’ என்று ஒரு பட்டியல் இருந்தது. அழிந்த நாள், கோப்புகள், திருப்பி வைத்த நாள், காரணம் என்று நான்கே கட்டங்கள். அறுபத்து மூன்று வரிகள். அத்தனைக்கும் ஒரே காரணம்: ‘கைதவறி அழிந்தவை’.

“நம்ம ஆபீஸ்ல கை இவ்வளவா தவறுது?”

“மனசு சரியில்லாத அன்னைக்குக் கொஞ்சம் கூடவே தவறும் சார்.”

சிரிக்கப் போன தலைவர், ஒரு வரியில் நின்றுவிட்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. பாலத்தின் வரைபடங்கள், நானூற்றுப் பன்னிரண்டு.

அன்றைய பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எல்லாரும் போகும்வரை காத்திருந்து, இரண்டு ஆண்டு உழைப்பை மொத்தமாக அழித்துவிட்டுப் போனார். திங்களன்று ராஜினாமாக் கடிதத்தோடு வந்தால், ஒன்றுகூடக் குறையாமல் எல்லாம் இருந்தன. நெட்வொர்க் அறுந்ததால் எதுவும் அழியாமல் தாம் தப்பித்ததாக நினைத்துக்கொண்டு, கடிதத்தைக் கழிப்பறையில் கிழித்துப் போட்டார். மறு ஆண்டு தலைவரும் ஆனார்.

‘திருப்பி வைத்தது: ஞாயிறு’ என்றிருந்தது.

“நானூறு வரைபடம்... ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தேதியில இருந்திருக்குமே?” என்றார் தலைவர்.

“ஆமா சார். தேடி எடுக்க ரெண்டு நாள் ஆச்சு.”

“யார் அழிச்சதுன்னு இதுல இல்லையே?”

“அந்தக் கட்டத்தை நான் போடவே இல்ல.”

தலைவர் திரும்பிப் பார்த்தார். ஆள் உயரக் கறுப்புப் பெட்டிகளில் பச்சை விளக்குகள் ஓசையின்றிச் சிமிட்டிக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் அவற்றை வெறும் இயந்திரம் என்றே நினைத்திருந்தார்.

“இது இப்படியே இருக்கட்டும் மேடம். எங்க ‘இறுதி’யை எல்லாம் நாங்களே எடுத்துடறோம்.”

திரையோரத்தில் காத்திருந்த கேள்விக்கு ‘இல்லை’யை அழுத்தப் போனார்.

“பாத்து சார்,” என்றார் பூட்டு மேடம் மெதுவாக. “இந்தத் தடவையும் கை தவறிடப் போகுது.”