சீக்குக் கோழி

அடி அண்ணாமலை கிராமத்தில் அந்த வீட்டில் அப்போது இருந்தவர்கள் பலராமன், அவன் மனைவி ஜோதியம்மாள், கூடைக்குள் கழுத்துத் தொங்கிய ஒரு சிவப்புக் கோழி. நாலு நாளாக ஜோதியம்மாள் அதற்குச் சின்ன வெங்காயம் நசுக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே தேறாது. அவஸ்தைப்படுது, அறுத்துடு" என்றான் பலராமன்.

"முனீஸ்வரனுக்கு நேர்ந்தது. வீட்ல வச்சு அது மேல கத்தி வைக்கக் கூடாதுங்க."

"எதுக்கு நேர்ந்தே?"

"நீங்க அந்தக் கீழ்பென்னாத்தூர்காரிய விடணும்னு. விட்டுட்டேன்னு சொன்னீங்க. பலி கொடுக்கப் போற நேரத்துல இது படுத்துடுச்சு. சாமி ஏத்துக்கலையோன்னு சந்தேகமா இருக்கு."

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. எங்க பாத்தாலும் கோழிக்குச் சீக்குதான்டி. நேத்துகூட அவ வீட்ல ரெண்டு செத்துச்சு."

ஜோதியம்மாள் கத்தியை எடுத்தாள்.

"இனிமே இது நேர்ந்த கோழி இல்ல. நானே அறுத்துக்கிறேன். நீ கெளம்பு."

அவன் வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.