ஜாடி பார்த்துச் சம்பந்தம்

இப்போதெல்லாம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகம் பார்ப்பதில்லை. பெண் வீட்டுப் பழைய பீங்கான் ஜாடிக்குள், அதில் முன்பு என்னென்ன இருந்தது என்று சொல்லும் சோதனைக்கோலை விட்டுப் பார்க்கிறார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா தெய்வசிகாமணி, காபியைக்கூடத் தொடாமல் அதைத்தான் செய்தார்.

"முதலில் இருந்தது சாராயம். பிறகுதான் ஊறுகாய்," என்றது கோல்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நெய் ஜாடின்னீங்க! சாராயம் வித்த குடும்பமா?"

மணப்பெண் பூங்குழலியின் அப்பா தலைகுனிந்தார். அவள் குனியவில்லை.

"ஆமாங்க. எங்க கொள்ளுப்பாட்டி வித்தாங்க. அதுலதான் புள்ளைங்களப் படிக்க வச்சாங்க."

பிறகு, மூன்று வருடமாகத் தன்னைக் காதலித்த மாப்பிள்ளை முகிலன் பக்கம் திரும்பினாள். "ஜாடிக்குக்கூட வாய் இருக்கு. உனக்கு?"

முகிலன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய் வாசற்கதவை அகலத் திறந்துவைத்தாள்.