முதலில் அம்மாவுக்கு

"இன்னைக்கு எங்கே வலி?" என்று கேட்டார் குழந்தை டாக்டர். கேட்கும்போதே அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. காலையிலிருந்து ஓயாத கூட்டம், இவர்களோடு முடிந்தது.

சிறுமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்து, "இங்கே" என்றாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். முதலில் வயிறு என்றாள். அப்புறம் காது, அதற்கப்புறம் முட்டி. வாடகைக்கு வீடு தேடுகிறவரைப் போல இந்தப் பிள்ளையின் வலி ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தது.

அவரும் அனுப்பாத இடமில்லை. குடல்நோய் நிபுணர், காது மூக்கு தொண்டை நிபுணர், எலும்பு மூட்டு நிபுணர் என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெயர்ப்பலகைகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன. அம்மாவுக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையாது; அவளுக்கு அவர்கள் வயிற்று டாக்டர், காது டாக்டர், எலும்பு டாக்டர். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் கைவிரித்தார்கள். போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்கிற கதையாக, தாயும் மகளும் மறுபடி குழந்தை டாக்டரிடமே வந்து நின்றார்கள்.

அம்மா இன்னும் உட்காரக்கூட இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். லிஃப்ட் பழுது, படியேறி வந்தேன் என்று தன் குற்றம்போலச் சொன்னாள். சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள். மகளுக்காக அடிக்கடி லீவு கேட்பதால் மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாராம். இன்னொரு லீவு என்றால் வேலையே போய்விடுமாம்.

"ராத்திரியில தூங்கவே மாட்டேங்குறா டாக்டர்," என்றாள். "எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துட்டு இருக்கா. வலின்னா அழணும்ல? அழவும் மாட்டேங்குறா."

குழந்தை டாக்டரும் இரண்டு பெற்று வளர்த்தவர்தான். அதில் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று அவரிடம் இருந்தது. எதையும் முதலில் கூட வந்தவருக்குச் செய்து காட்டிவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவார். காதுவலி என்று வந்த அன்று அம்மாவின் காதில் டார்ச் அடித்தார். முட்டிவலி அன்று அம்மாவின் முட்டியைத் தட்டினார். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே வீறிடும் வாண்டுகள்கூட இதில் அடங்கிவிடும். மற்ற நிபுணர்களுக்கு இந்த விளையாட்டுக்கெல்லாம் நேரம் ஏது?

"முதல்ல அம்மாவுக்கு," என்று நினைவுபடுத்தினாள் சிறுமி.

"தெரியும்டி தாயே." கழுத்தில் மாலையாகத் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பின் நுனியைப் பிடித்து, அம்மாவின் நெஞ்சில் இரண்டு இடத்தில் வைத்து எடுத்தார். "பார்த்தியா, அம்மாவுக்கு வலிக்கவே இல்ல."

சிறுமி அம்மாவைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முகம் சுண்டிப்போனது.

அடுத்து அவள் முறை. டாக்டர் காதில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நிதானமாகக் கேட்டார். அந்த இதயம் பாட்டுக்கு ஒழுங்காகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டபோது அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கும் பிள்ளைகளை அவர் எத்தனையோ பார்த்தவர். ஆனால் இவள் நடிப்பில் பாவம், ஒரு தாயின் பிழைப்பே போகப்போகிறதே.

"உண்மையச் சொல்லு," என்றார். "இல்லன்னா இதய டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்."

இன்னும் போகாமல் மிச்சமிருந்தது அந்தப் பலகை ஒன்றுதான். சிறுமி பயந்த மாதிரி தெரியவில்லை.

"அவரும் முதல்ல அம்மாவுக்கு வச்சுப் பார்ப்பாரா?"

"மாட்டார். யாருக்கு வலியோ அவங்களைத்தான் பார்ப்பார்."

சிறுமியின் கண்கள் நிறைந்துவிட்டன. அம்மாவுக்கு மானம் போனது.

"எனக்கு எதுக்குடி வச்சுப் பார்க்கணும்? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். படியேறினதுல மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

"நம்ம வீட்ல படியே இல்லையேம்மா," என்றாள் சிறுமி. "ராத்திரியில ஏன் வாங்குது?"

அம்மா தரையைப் பார்த்தாள். பேனாவை எடுக்கப்போன டாக்டரின் கை அப்படியே நின்றது.

சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கழுத்தில் கிடந்ததைக் காட்டினாள்.

"அம்மாவுக்கு இன்னொரு தடவை வைங்க டாக்டர். இந்தத் தடவை காதுல மாட்டிக்கிட்டு."