லிஃப்ட் விரதம்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களும் ஒரே நாளில் கொட்டட்டும். ஒரு வருடம், முழுதாக முன்னூற்று அறுபத்தைந்து நாள், நான் லிஃப்டில் கால் வைக்கவில்லை.

எங்கள் பூங்காவில் காலையில் நடப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். "உலகத்தைத் திருத்துறதெல்லாம் நம்மால ஆகாது. ஆளுக்கு ஒரு சின்ன நல்ல காரியம், தினமும், ஒரு வருஷம். விடாம செய்றவருக்குக் கேடயம்" என்று போன வருடம் அறிவித்தார்.

தெருவில் ஒழுகும் குழாய்களை மூடுவதாகத் தையல்காரர் எழுதிக் கொடுத்தார். நடக்கிற வழியில் தினம் பத்து பிளாஸ்டிக் பை பொறுக்குவதாகக் கணக்கு டீச்சர் எழுதிக் கொடுத்தார். பல் டாக்டரும் நானும் மட்டும் ஒரே வாக்கை எழுதிவிட்டோம்: மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, லிஃப்டைத் தொடுவதில்லை.

"உங்க பில்டிங் எத்தனை மாடி?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"பதினொண்ணு."

"இந்த வயசுல" என்று டீச்சர் உச்சுக்கொட்டினார். நான் அதற்கு மேல் பேசவில்லை. தற்பெருமை எனக்கு ஆகாது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தள்ளுவண்டிக்காரரிடம் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தாள். "உங்க தம்பி வீட்டு அலமாரியில கப்பு வைக்க இடமில்ல. நம்ம அலமாரியில உங்க மூக்குக் கண்ணாடிக் கூடுதான் உக்காந்திருக்கு. இதையாவது கோட்டை விடாம வாங்கிட்டு வாங்க" என்றாள். கேடயம் வராவிட்டால் இனி வீட்டில் காபி ஆறிப்போய்த்தான் வரும் என்று புரிந்தது.

தையல்காரர் இரண்டாம் வாரமே கழன்றுகொண்டார். டீச்சர் ஆறாம் மாதம் முதுகுப் பிடிப்பில் விழுந்தார். மிஞ்சியது டாக்டரும் நானும்.

டாக்டர் வீடு ஏழாம் மாடியில். முதல் மாதம் பூங்காவுக்கு வந்ததும் பெஞ்சில் சாய்ந்துவிடுவார். நான்காம் மாதம் பேன்ட் இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்.

"அண்ணே, உங்களுக்கு மட்டும் மூச்சே வாங்கலையே, எப்படி?"

"படியை எண்ணாதீங்க டாக்டர். எண்ண ஆரம்பிச்சாத்தான் முட்டி வலிக்கும்."

எங்கள் கட்டட லிஃப்ட் தினமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மழையில் நனைந்து வந்த நாளிலும் இல்லை, காய்ச்சல் அடித்த நாளிலும் இல்லை.

முன்னூற்று அறுபதாம் நாள் டாக்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "தோத்துட்டேன்ணே. அஞ்சாம் மாடிப் பெரியம்மா, கைத்தடி வச்சிருப்பாங்களே, அவங்க லிஃப்ட்ல தனியாப் போகப் பயந்தாங்க. கூட ஏறிட்டேன்."

"யாராவது பாத்தாங்களா?" என்றார் தையல்காரர், ரகசியக் குரலில்.

"நான் பாத்தேனே" என்றார் டாக்டர்.

தலைவர் மூக்கை உறிஞ்சினார். ஆனாலும் விதி விதிதான் என்று சொல்லி, ஐந்து நாள் கழித்துக் கேடயத்தை என் கையில் கொடுத்தார். இந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மனக்கட்டுப்பாடு என்றேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டர் என் தோளில் கை போட்டார். "அண்ணே, எனக்கு ஒரே ஓர் ஆசை. உங்க வீட்டுப் படி மொத்தத்தையும் உங்க கூடவே ஒரு தடவை ஏறணும். கேடயத்தை நான்தான் தூக்கிட்டு வருவேன்." சொல்லிக்கொண்டே கேடயத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எதுக்கு டாக்டர் சிரமம், இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றேன். யார் கேட்டார்கள். தலைவரும் கிளம்பினார். டீச்சர் முதுகில் பெல்ட்டோடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தார்.

எங்கள் கட்டடத்தின் எதிரே நின்று டாக்டர் பதினோரு மாடியையும் அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினார், பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். தலைவர் நெஞ்சில் கை வைத்து மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து, சமையலறை ஜன்னலில் என் மனைவியின் தலை தெரிந்தது. டாக்டரின் கக்கத்தில் கேடயத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் பல்.

"உள்ள வாங்க டாக்டர், நம்ம வீட்டுக்கு ரெண்டே படிதான்."