சத்தமில்லாத வீடியோ

"வீடியோல சத்தமே இல்லையே சார். நீங்க என்ன பேசினீங்கன்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

மேடைக்குப் பின்னால் அமைச்சரின் உதவியாளர் இப்படிக் கேட்டபோது, கைக்காரம்மா இரண்டடி தள்ளி நின்று மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்பவள் என்பதாலோ என்னவோ, அவளுக்கும் காது கேட்காது என்றே அந்த அலுவலகத்தில் பாதிப் பேர் நம்பியிருந்தார்கள். ரகசியம் பேசுவதென்றால் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டுதான் பேசுவார்கள்.

கைக்காரம்மா என்பதும் அவர்கள் வைத்த பெயர்தான்.

பதினைந்து மாதமாகத் தினமும் மாலையில் அமைச்சர் மைக்கில் பேசுவார். தொலைக்காட்சியின் ஓரத்தில் இவள் கையால் பேசுவாள். முகக்கவசம் போடு. வெளியே சுற்றாதே. ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு மேல் கூடாதே.

முந்தாநாள் அமைச்சர் வீட்டில் கூடியது நாற்பது பேர்.

பிறந்தநாள் விருந்து. எதிர்மாடியிலிருந்து யாரோ ஜன்னல் வழியாக முப்பது விநாடி எடுத்துவிட்டார்கள். நடுவில் அமைச்சர். முகத்தில் கவசமில்லை. இரண்டு கையையும் காற்றில் படபடவென்று ஆட்டி ஏதோ சொல்கிறார். சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

இரவெல்லாம் உட்கார்ந்து யோசித்து அலுவலகம் ஒரு பதில் கண்டுபிடித்தது. கூப்பிடாமல் வந்த கூட்டம். அமைச்சர் கையை ஆட்டி அவர்களை விரட்டினார்.

அதைத்தான் இன்று அவள் சொல்ல வேண்டும்.

'அமைச்சர் இப்படிச் சொல்கிறார்' என்று ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. அவர் 'நான்' என்றால் இவளும் நெஞ்சைத் தொட்டு 'நான்' என்றாக வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, பொய் என்றால் பொய்யையும் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவள் பிழைப்பு அப்படி.



அந்தக் கையை நம்பித்தான் அத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். அவள் கணவனே, பிறவியிலிருந்து காது கேளாதவன், சொந்த அண்ணனை அடக்கம் செய்யப் போகவில்லை. அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று முந்தின நாள் சொன்னது அவள் கைதான். இருபத்தோராவது ஆளாக அவன் வீட்டிலேயே நின்றுவிட்டான்.

இன்றைக்குப் பொய் சொன்ன கை நாளைக்குத் தடுப்பூசி போட வா என்றால் எவன் வருவான்?

விளக்கு எரிந்தது. அமைச்சர் கனைத்துக்கொண்டார்.

"நான் அவங்களைக் கூப்பிடவே இல்லை. இப்படி, இப்படிக் கையை ஆட்டி, தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்கன்னுதான் சொன்னேன்."

ஆட்டியும் காட்டினார்.

அவளும் நெஞ்சைத் தொட்டாள். 'நான்' என்றாள். அவர் ஆட்டிய ஆட்டத்தை ஒரு விரல்கூடக் குறையாமல் ஆட்டினாள்.

நிருபர் ஒருவர் விடவில்லை. அதற்கு என்ன ஆதாரம் என்றார்.

அமைச்சர் புன்னகைத்தார். "ஆதாரம் கெடக்கட்டும், சத்தமே இல்லாத வீடியோல நான் வேற ஏதாவது பேசினேன்னு யாராலயாவது சொல்ல முடியுமா?"

அந்தக் கேள்வியையும் அவள் அப்படியே சொன்னாள். யாருக்கு? உதடு அசைவைப் பார்த்தே பேச்சைப் படிக்கிற பல்லாயிரம் பேருக்கு.

கூட்டம் முடியும் முன்பே அவள் பைக்குள் இருந்த கைப்பேசி வண்டு மாதிரி உறுமத் தொடங்கிவிட்டது.

தாழ்வாரத்துக்கு வந்து பயந்து பயந்து திறந்தாள். திட்டித் தீர்த்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

திட்டத்தான் செய்திருந்தார்கள். அவளை அல்ல.

'கை உன்னோடது, வாய் அவரோடது. எங்களுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாதா?'

'விருந்துல அவர் வாய் சொன்னதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியாச்சு. எட்டு ஊர்ல எட்டு பேர், தனித்தனியா. ஒரு எழுத்து மாறலை.'

'அவர் போட்ட சட்டப்படி முகக்கவசம் போட்டிருந்தா தப்பிச்சிருப்பார் மனுஷன்.'

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கணவன் வீடியோவில் அழைத்தான். சமையலறையில் நின்றான். காலையில் அவள் கிளம்பும்போது அந்த விருந்து வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவளுக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தவன்.

'உனக்குக் காலையிலயே தெரியுமா?' என்று ஒற்றைக் கையால் கேட்டாள்.

'தெரியும். சொன்னா மேடையில உனக்குக் கை நடுங்கும். அதான் வாயைத் திறக்கலை' என்றான். வாயைத் திறக்காதவன் என்று தன்னையே சொல்லிக்கொள்வதில் அவனுக்கு எப்போதும் ஒரு குஷி.

'அப்படி என்னதான் சொன்னார்?'

அவன் கொஞ்சம் தயங்கினான். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்தான். அமைச்சர் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டான். இரண்டு கையையும் காற்றில் படபடவென்று ஆட்டினான். அவளுக்கும் உதடு புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, சத்தமில்லாமல் சொன்னான்.

"பாருங்கப்பா... நான்தான்... கைக்காரம்மா."



அவன் கையைக் கீழே போட்டான். அவள் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாக, வழக்கமான அவன் சைகையில் சொன்னான்:

'ஆனா ஒண்ணு. உன்னை மாதிரி அவர் செஞ்சதைவிட, அவரை மாதிரி நீ செஞ்சதுதான் அச்சு அசலா இருந்துச்சு.'