சுடலைராஜுக்குத் தூக்கம் வேண்டும்

"நீங்க எழுதித் தந்த மாத்திரை வேலையே செய்யல, டாக்டரம்மா. இவிய இன்னமும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்காவ."

காளீஸ்வரி சொல்லி முடிப்பதற்குள் அவள் கணவன் சுடலைராஜ் இரண்டு கொட்டாவி விட்டுவிட்டான். பார்த்த டாக்டர் உமாதேவிக்கும் ஒன்று வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார்.

வருஷக்கணக்காக ராத்திரி லாரி ஓட்டியவன் சுடலைராஜ். இப்போது பகல் ஓட்டம் கிடைத்தும் உடம்பு பழைய வழக்கத்தை விடமாட்டேன் என்கிறது. "தூங்காதவன் கையில தீப்பெட்டி லோடு தர மாட்டேன்" என்று முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். இந்த வாரமும் தூங்காவிட்டால் லாரிக்கு வேறு ஆள் வந்துவிடுவான். அந்தக் கவலையில் வருகிற அரைத் தூக்கமும் போனது.

"அது ஆளை அடிச்சுப் போடுற மாத்திரை இல்லம்மா. இருட்டினா நம்ம உடம்பே சுரக்கிற மெலட்டோனின்தான். ராத்திரி ஆயிடுச்சுன்னு உடம்புக்கு ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். வெளிச்சம் இருந்தா அதோட பாச்சா பலிக்காது. படுத்துக்கிட்டு செல்போன் பாக்கிறாரா?"

"அதைப் புடுங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டுருதேன்."

"ரூம்ல லைட்டு?"

"சன்னல்லகூட சாக்கைத் தொங்க விட்டுட்டேன். பக்கத்துல படுத்திருக்க எம் மூஞ்சியே இவியளுக்குத் தெரியாது."

சுடலைராஜுக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

"டீ, காப்பி?"

"நிப்பாட்டியாச்சு. ராத்திரி ஒரு டம்ளர் பாலோட சரி."

"மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறீங்களா?"

"பொழுது அடைஞ்சதும் மொத வேலையே அதுதான். வாழைப்பழத்துக்குள்ள வச்சுக் கொடுத்து, முழுங்குத வரைக்கும் தாடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். துப்பிட்டா என்ன செய்ய?"

டாக்டர் சுடலைராஜின் தாடையைப் பரிதாபமாகப் பார்த்தார். "நிஜமாவா அண்ணாச்சி?"

"அவ செய்யுததுல ஒரு குத்தம் சொல்ல முடியாதும்மா."

இப்படிப்பட்ட மனைவி வாய்த்தும் ஒருவனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று டாக்டர் முடிவு செய்தார்.

"திருநெல்வேலிக்கு எழுதித் தரேன். அங்க ஒரு ராத்திரி படுக்க வச்சு, தலையில வயரை ஒட்டி, தூக்கத்தைப் பரிசோதிப்பாங்க."

சுடலைராஜுக்கு முகம் வெளிறிவிட்டது. காளீஸ்வரி யோசித்தாள்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போணுமா, இவிய மட்டும் போதுமா?"

"ரெண்டு பேரா? மாத்திரை சாப்பிடுறவர் மட்டும் போனாப் போதும்மா."

"அப்பம் இவிய போக வேண்டாம். இவியளுக்குத்தான் மாத்திரை தொண்டையில எறங்காதுல்லா? கைப்பிள்ளைக்குச் சீக்குன்னா தாய் மருந்து தின்னு பால் கொடுக்க மாதிரி, நான் பால் கறக்குத வெள்ளாட்டுக்குல்லா கொடுக்கேன். அது என்னடான்னா, விடிஞ்சும் எந்திரிக்காமத் தூங்குது."