படகில் இரண்டு பேட்டரி

ஏரி நடுவில் படகு நின்றுவிட்டது. தாய்மாமன் ஆபித் மாமூ சாவியைத் திருகத் திருக, இன்ஜின் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஊமையாகிவிட்டது.

“இன்னாம்மா உமைமா, லைட்டு, ஸ்பீக்கரெல்லாம் எந்த பேட்டரியில கொடுத்தே?”

எதிரே உட்கார்ந்திருந்தவன், பெண் பார்க்க வந்த ஃபைஸான். உமைமாவுக்கு மானமே போனது. ஷூ கம்பெனியில் அறுபது மிஷினை ஓட வைக்கிற எலக்ட்ரீஷியன் அவள்.

மாமூவின் படகில் இரண்டு பேட்டரி. ஒன்று இன்ஜினைக் கிளப்ப மட்டும். லைட்டு, ஃபேன், பாட்டு என்று புதிதாக எது மாட்டினாலும் மற்றதில்தான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் பாட்டுக் கேட்டுக்கொண்டே நடுத்தண்ணீரில் உட்கார வேண்டியதுதான்.

இது தெரியாதவளா அவள்? நேற்றுச் சாயங்காலம் எல்லா வயரையும் அவளேதான் இழுத்தாள். கம்பெனியில் செய்கிற மாதிரி தோல் துண்டில் அடையாளமும் கட்டினாள். தொடவே கூடாத இன்ஜின் பேட்டரிக்குச் சிவப்பு, மற்றதுக்கு மஞ்சள்.

கரையில் இரண்டு வீட்டுக் கூட்டமும் காத்திருந்தது. மாமூ காவலோடு ஏரியில் ஒரு சுற்று, பத்தே நிமிடம். திரும்பியதும் சம்மதமா இல்லையா என்று அவள் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் பிரியாணி தேக்சாவையே திறப்பார்கள்.

அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாமா?

எந்த காலேஜ், வீட்டில் எத்தனை பேர் என்பதிலேயே எட்டு நிமிடம் ஓடிப்போயிருந்தது.

ஆள் நல்லவனாகத்தான் தெரிந்தான். பேரணாம்பட்டில் பேட்டரிக் கடை. காலையில் முதல் ஆளாக வந்து, தனியாகப் படகில் ஏறிப் பலூன் கட்டியவனும் அவன்தான். மாப்பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு பார் என்று வீட்டுப் பெண்கள் பூரித்துப்போனார்கள். அப்போதிலிருந்து ஸ்பீக்கரும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. கிளம்பும்போதே இன்ஜின் முனகியது. மாமூ போட்டோ எடுக்க நடுவில் நிறுத்தினார், அவ்வளவுதான்.

உமைமா பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். அவள் இழுத்த வயர்கள் மொத்தமும் சிவப்புத் துண்டு கட்டிய பேட்டரியில் இருந்தன.

சுர்ரென்று கோபம் ஏறியது. என் வேலையில் எவன் கை வைத்தது?

வயரை முடுக்கிய இடத்தில், உப்புப் பூக்காமலிருக்க, கச்சிதமாக வாஸ்லின் பூசியிருந்தது. அவள் பூசுவதில்லை. பேட்டரிக் கடைக்காரர்கள்தான் பூசுவார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். ஃபைஸான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

“பத்து நிமிஷம் ரொம்பக் கம்மிங்க,” என்றான், மாமூவுக்குக் கேட்காமல். “உங்களுக்கும் எதனா கேக்கணும்னு இருக்கும்ல.”

பின்னால் மாமூ போனில் கரையில் இருந்தவர்களிடம் கத்திக்கொண்டிருந்தார். மருமகள் வயரை மாற்றிக் கொடுத்துத் தொலைத்தாள் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது.

மஞ்சள் துண்டு பேட்டரி, முழு சார்ஜோடு பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்து இரண்டு வயர் போட்டால் இன்ஜின் கிளம்பிவிடும். இரண்டே நிமிட வேலை. அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

உமைமா பெட்டியை மூடினாள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமா மாமூ, நான்தான் தப்பா மாட்டிட்டேன். சரி பண்ண அரை மணி நேரம் ஆகும்.”